என்ன, எங்கே, எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலரை மணி. எங்கள் காலனியில் நாற்பத்திரண்டு வீடுகளும் ஐந்தே நிமிஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டன.

எங்களுக்கு இது புதிதில்லை. குன்னூருக்கு மேலே, டீ எஸ்டேட்டை ஒட்டின சரிவில் குடியிருக்கிறோம். கரடி வரும். காட்டுமாடு வரும். எப்போதாவது சிறுத்தையும் வரும். அவை வருவதைச் சொல்வதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். பெயர் 'கரடி குரூப்'. அட்மின்... நான்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், "சேதி சொல்றது உங்களுக்குப் பழகின வேலைதானுங்க்கா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு அந்த குரூப்பில் வந்த செய்தி இது:

"அன்பார்ந்த காலனிவாசிகளுக்கு வணக்கம். நமது பகுதியில், மேல் படிக்கட்டுப் பக்கம், விரும்பத்தகாத நடமாட்டம் இருப்பது தெரியவந்துள்ளது. குழந்தைகளை அங்கே அனுப்ப வேண்டாம். அனைவரும் விழிப்புடன் இருக்கவும். இப்படிக்கு, நடராஜ், தலைவர்."

நீங்களே சொல்லுங்கள். மலையில் குடியிருக்கிறவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

சிறுத்தைதான்! வேறென்ன?

ட்யூஷனுக்குக் கிளம்பின பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள். ஒரு வீட்டில் தகர டின்னைத் தட்டினார்கள். இன்னொரு வீட்டில் தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த சரவெடியைக் கொளுத்தினார்கள். நமத்துப்போய் நாலே நாலு வெடித்தது. யாரோ ஒரு புண்ணியவான் வனத்துறைக்கே போன் பண்ணிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குரூப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. என்ன, எங்கே, எந்தப் பக்கம் போகிறது — இந்த மூன்றும் இல்லாமல் செய்தி போடக் கூடாது. சும்மா வந்த சட்டம் இல்லை அது. மூன்று வருஷம் முன்பு ஒருத்தர் "ஐயோ வருது வருது" என்று மட்டும் போட்டார். கீழே இருந்தவர்கள் பயந்துபோய் மேலே ஓடினார்கள். காட்டுமாடு மேலேதான் நின்றுகொண்டிருந்தது. அந்த ஓட்டத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர் வேறு யாருமில்லை... இதே நடராஜ் சார்தான். சட்டத்தை முதலில் மதிக்க வேண்டியவர் இல்லையா?

குரூப்பில் ஒரே ஒரு ஆள் மட்டும் ஒழுங்காகக் கேட்டிருந்தாள். கவிதா. "என்ன சார், கரடியா சிறுத்தையா? எந்தப் பக்கம் போகுது?"

பதில் வரவில்லை. ப்ளூ டிக் மட்டும் விழுந்திருந்தது.

பத்தாவது நிமிஷம் வனத்துறை ஜீப் வந்தது. இரண்டு வாட்சர்கள் இறங்கினார்கள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. நடராஜ் சார் மங்கி கேப்போடு வாசலில் நின்றிருந்தார். நானும் போய் நின்றேன்.

"எங்கங்க பார்த்தீங்க?" என்றார் பெரியவராக இருந்த வாட்சர்.

"பார்க்கலீங்க. தெரிய வந்துச்சு."

"கால்தடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"சரி, கரடியா சிறுத்தையா, அதையாச்சும் சொல்லுங்க."

நடராஜ் சார் தொண்டையைச் செருமினார். "மிருகம் இல்லீங்க தம்பி. இது வேற மாதிரி விஷயம்."

"வேற மாதிரின்னா?"

"சொல்றதுக்கே கூச்சமா இருக்குதுங்க."

வாட்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். "சொல்லக் கூச்சப்படற மாதிரி மிருகம் எங்க லிஸ்ட்லயே இல்லீங்களே சார்..."

நடராஜ் சார் அவர் காதருகே போய் ஏதோ சொன்னார். வாட்சர் நிமிர்ந்து மேல் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். லீலாக்கா வீட்டு மாடி ஜன்னலில் இரண்டு பெண்கள். ராணி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். கவிதா டார்ச் அடித்துத் தேயிலைக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுங்களையா சொல்றீங்க? ஏனுங்க சார், அவங்க யாரையாச்சும் முட்டினாங்களா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க ஜீப்பு?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மலையில் சத்தம் நன்றாக மேலே ஏறும். ஜன்னலில் இருந்தவர்களுக்கு அவ்வளவும் கேட்டிருக்கிறது. சிறுத்தையை விரட்டத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, காலனி கதவைச் சாத்திக்கொண்டது தங்களைப் பார்த்துத்தான் என்று அப்போது புரிந்தது. தட்டுச் சத்தம் நின்றது.

இருவரையும் உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். கவிதாவுக்கு காரமடைப் பக்கம். இங்கே ஒரு பேக்கரியில் வர்க்கி போடுகிறாள், டீயில் தொட்டுக்கொள்கிற எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட். காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள். போகிற வழியில் எது கண்ணில் பட்டாலும் குரூப்பில் சொல்லிவிடுவாள். ராணி சிலோனிலிருந்து திரும்பி வந்த எஸ்டேட் குடும்பத்துப் பெண். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். இருவரும் நாலு வருஷமாக லீலாக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறார்கள்.

அவர்கள் ஜோடி. இதை எழுத எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

நாலு வருஷமாக யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, இப்போது என்ன வந்தது? மண்சரிவு வந்தது.

போன மழைக்கு எங்கள் காலனிக்குக் கீழே மண் சரிந்தது. நல்லவேளை, உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல், ஆளை எண்ணுவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. அதனால் இந்த மழைக்கு முன்பே வீட்டுக்கு வீடு ஒரு படிவம் கொடுத்தோம். வீட்டில் இருப்பவர் பெயர். ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது. அவர் என்ன உறவு.

மேல் மாடிப் படிவத்தில் ராணி, கவிதாவின் பெயரை எழுதியிருந்தாள். கவிதா, ராணியின் பெயரை எழுதியிருந்தாள். உறவு என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே பதில்: வாழ்க்கைத் துணை.

படிவங்களை வாங்கி அடுக்கியவர் நடராஜ் சார்.

"எதுக்கும்மா இதை எழுதினே? சொந்தம்னு போட்டிருந்தா யாரு கேட்டிருக்கப் போறாங்க?" என்று ஜீப் வந்துபோன மறுநாள் ராணியிடம் கேட்டேன். கேட்டது நான்தான். பின்னால் வெட்கப்பட்டேன், அது வேறு.

ராணி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "போன மழைல பேக்கரிப் பக்கம் ரோடு அடைச்சுப்போச்சு. இவ போன் எடுக்கல. நான் தேடிப் போனேன். கயிறு கட்டி நிறுத்தியிருந்தாங்க. 'நீ யாரு'ன்னு கேட்டாங்க. ஃப்ரெண்டுன்னு சொன்னேன். 'சொந்தக்காரங்க மட்டும் உள்ள வாங்க, ஃப்ரெண்டுங்க எல்லாம் தள்ளி நில்லுங்க'ன்னுட்டாங்க. நாலு மணி நேரம் மழையிலயே நின்னேன். உள்ள இவ உசுரோட இருக்காளா, இல்லையான்னுகூடத் தெரியலை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்க்கா. இனிமே எந்தக் காகிதத்திலயும் ஃப்ரெண்டுன்னு எழுத மாட்டேன்."

மீதித் துணியை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் காலனிக் கூடத்தில் கூட்டம். விஷயம் ஒன்றே ஒன்றுதான். மாதக் கடைசிக்குள் மேல் மாடியைக் காலி செய்யச் சொல்லி, வீட்டுக்காரி லீலாக்காவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லோருக்கும் டீ. எல்லோருக்கும் வர்க்கி. அந்த வர்க்கியைப் போட்டது யார் என்று தெரிந்தும் ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் மூன்று எடுத்துக்கொண்டார்.

கவிதாவும் ராணியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்திருந்தார்கள்.

நான் பழைய ஆபரேட்டர். வார்த்தைகளைக் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். அன்று ஒன்றேகால் மணி நேரம் கேட்டேன். நம்புங்கள், அந்த இரண்டு பெண்களின் பெயரை ஒருவர்கூட வாயால் சொல்லவில்லை. 'அவங்க', 'அந்த மாதிரி ஆளுங்க', 'மேல இருக்கிறது', 'அந்த விஷயம்', 'அது'. ஒருவர் வெறும் கையை மட்டும் ஆட்டிக் காட்டினார். நாலு வருஷமாக ராணியிடம் பிபி பார்த்துக்கொண்டவர் அவர்.

"நாங்க யாருக்கும் எதிரி இல்லீங்க" என்று ஆரம்பித்தார் நடராஜ் சார். கவனித்திருக்கிறீர்களா? இந்த வாக்கியத்தில் தொடங்குகிற பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை. 'ஆனா' என்று ஒன்று பின்னாலேயே வரும். வந்தது.

"ஆனா, இயற்கைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. இயற்கைக்கு மாறா நடந்தா ஏத்துக்க முடியுங்களா?"

நடராஜ் சார் எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் கவாத்து வெட்ட ஆள் விட்டு நின்று பார்த்தவர். தேயிலை மரமுங்க அது! விட்டால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதை வெட்டி வெட்டி இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்ததுதான் அவருடைய வாழ்நாள் உத்தியோகம். அதற்குச் சம்பளம், போனஸ், ரிட்டையர்மென்டின் போது சால்வை. இயற்கை இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அவருக்கு வேலையே இருந்திருக்காது. இயற்கைக்காகப் பேச அவரை யார் அனுப்பி வைத்தார்கள்?

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்" என்றார் மூன்று வர்க்கிக்காரர். ஜெர்கின் போட்டுக்கொண்டு, டீயைக் குடித்துக்கொண்டு, இங்கிலீஷ் காய்கறி விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு! டீயும் கேரட்டும் முட்டைக்கோசும் யூகலிப்டஸும் கப்பலில் வந்தபோது யாருடைய கலாச்சாரமும் கெடவில்லை. காரமடைக்காரி ஒருத்தியும் எஸ்டேட் லயன் வீட்டில் பிறந்தவள் ஒருத்தியும் ஒருத்தியை ஒருத்தி விரும்பினால் மட்டும் அது வெளிநாட்டு இறக்குமதியா?

"அவங்க வீட்டுக்குள்ள என்ன வேணா பண்ணட்டும்ங்க. வெளிய தெரியாம இருந்தாச் சரி" என்றார் இன்னொருவர். இவர் பெருந்தன்மையானவராம். நானும் யோசித்துப் பார்த்தேன். அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் நடக்கிற சண்டை வாரத்தில் மூன்று நாள் கீழ்ப் படிக்கட்டு வரைக்கும் கேட்கிறது. வெளியே தெரிகிறதே, காலி பண்ணச் சொல்லலாமா?

இன்னொன்றும் கவனித்தேன். டிவியில் இந்த விவாதம் வந்தாலே ஒரு வார்த்தை கீழே ஓடும் — ஓரினச் சேர்க்கை. அன்று கூடத்திலும் அதை யாரோ பாதி முணுமுணுத்தார்கள். நடராஜ் சாரையும் அவர் மனைவியையும் நாம் யாராவது 'ஈரினச் சேர்க்கையாளர்கள் வந்திருக்கிறார்கள், வாங்க, உட்காருங்க' என்று வரவேற்கிறோமா? அவர்களுக்குக் குடும்பம், இவர்களுக்குச் சேர்க்கை! இவர்கள் வீட்டிலும் கேஸ் தீர்ந்துபோகிறது. தண்ணி வருகிற நாளில் டிரம் நிரப்ப ஓட்டம் நடக்கிறது. 'நீ ஏன் ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டே' என்று சண்டை வருகிறது. எதிர்க்கிறவர்களின் பேச்சில் இதெல்லாம் கிடையாது. கட்டில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். துண்டு தெரியாது. அழுக்கு யார் மனசில் என்று கேட்கத் தோன்றுமா, தோன்றாதா?

எனக்குத் தோன்றியது. எழுந்துவிட்டேன்.

"கொஞ்சம் நான் பேசலாமுங்களா?" என்று ஆரம்பித்து நன்றாகவே பேசினேன். அதாவது, நன்றாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். "காத்தால அஞ்சு மணிக்குக் கரடி எங்க நிக்குதுன்னு உங்களுக்குச் சொல்றது யாரு? கவிதாதானே? போன வருஷம் உங்க பேத்திக்கு ஃபிட்ஸ் வந்தப்போ ஓடி வந்தது யாரு? ராணிதானே? யாருக்காச்சும் ஒரு தொந்தரவு குடுத்திருக்காங்களா? இருக்கிற இடம் தெரியாம இருக்கிற பொண்ணுங்க. பாவம், அவங்க..."

"அக்கா, உக்காருங்க."

கவிதா. கடைசி வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை டம்ளர்களும் கீழே இறங்கின.

"நீங்க நல்ல மனசுலதான் சொல்றீங்கக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. கரடி சொல்றதாலதான் எங்களைக் குடி வெச்சிருக்கீங்கன்னா, கரடி வராத மாசம் நாங்க எங்க போறதுங்க?"

நான் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு ராணிக்கு உடம்பு முடியாமப் போகுது, டூட்டிக்குப் போகல, யாருக்கும் பிபி பார்க்கல. அப்பக் காலி பண்ணிரணுங்களா? நான் உங்ககிட்ட நல்லவளான்னு கேட்டு நிக்கலீங்க. எங்க சண்டையும் கீழ வரைக்கும் கேட்கணும். நான் ஒரு நாள் யாருக்கும் உதவாத மகா மோசமானவளாக்கூட இருக்கணும். அப்பவும் வாடகை குடுத்துட்டு என் வீட்டுல இருக்கணும். நீங்க எல்லாரும் அப்படித்தானுங்களே இருக்கீங்க?"

மூன்று வர்க்கிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருக்கென்று இருந்தது எனக்கு. எதிர்க்கட்சிக்காரர்களின் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மனசுக்குள் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேனே... என் வார்த்தைகள் மட்டும் என்ன யோக்கியம்? 'பாவம்' என்றேன். 'இருக்கிற இடம் தெரியாம' என்றேன். வெளியே தெரியாமல் இருந்தால் சரி என்று அந்தப் பெருந்தன்மைக்காரர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாலு வருஷமாக எனக்கு விஷயம் தெரியும். கேட்டதில்லை, பேசினதில்லை. ட்ரங்க் கால் போட்ட காலத்துப் பழக்கம்... காதில் விழும், வாய்க்கு வராது. அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக்கு வெளியே ராணி 'ஃப்ரெண்டு' என்று சொல்லி நின்ற அந்த நாலு மணி நேரத்தில் என் நாகரிகத்துக்கும் பங்கு இருக்கிறது.

நடராஜ் சார் சுதாரித்துக்கொண்டு கோப்பைத் திறந்தார். டைப் செய்து கொண்டுவந்திருந்த கடிதத்தை எடுத்து லீலாக்கா முன்னால் வைத்தார். வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

லீலாக்காவுக்கு எழுபத்திநாலு வயது. காலி செய்யச் சொல்வது, குடி வைத்திருப்பது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். ராணி, கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோர் முன்னாலும், மறைக்காமல்.

"பொது ஒழுக்கம் கருதியும், தக்க காரணங்களுக்காகவும்னு போட்டிருக்கு" என்றார் லீலாக்கா. "என்ன காரணம்னு போடலையே கண்ணு?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமுங்களே..."

"எனக்கு எழுத்துல வேணும். கையெழுத்து என்னுதல்ல? எழுது, போடறேன்."

நடராஜ் சார் பேனாவை எடுத்தார். ஓரத்தில் எழுதினார். "இரண்டு பெண்கள் ஒன்றாக வசிப்பதால்..."

"நானும் என் தங்கச்சியும் பதினோரு வருஷம் அந்த மாடியிலதானே ஒண்ணா இருந்தோம்? அப்ப நீ வந்து பலகாரம் சாப்பிட்டியே?"

அடித்தார். மறுபடி எழுதினார். "கணவன் மனைவி போல் வாழ்வதால்..."

"புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒத்துமையா இருக்கிறதுக்கா காலி பண்ணச் சொல்றே? இந்தக் காலனில பாதிப் பேரு அப்படி இல்லைன்னுதானேப்பா மாசாமாசம் பஞ்சாயத்துக்கு வர்றாங்க?"

பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நடராஜ் சார் அதையும் அடித்தார். மூன்றாவதாக ஒரு வரி ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையில் நல்ல மனுஷர். மழைக் காலத்தில் வடிகாலில் இறங்கி அடைப்பு எடுக்கிறவர். அதனால்தானோ என்னவோ, மனசில் இருந்த வார்த்தை காகிதத்தில் ஏறும்போது அவருக்கே பார்க்கச் சகிக்கவில்லை. காற்றில் பேசுகிற வரைக்கும் எல்லாம் கௌரவமாகத்தான் இருந்தது. ஒழுக்கம், பண்பாடு, இயற்கை, குழந்தைகளின் எதிர்காலம்... எல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள். ஆனால் இன்னார் இன்னது செய்தார், அதனால் இன்னாருக்கு இன்ன கெடுதல் என்று ஒரே ஒரு வரி கேட்டால் அகப்படவில்லை.

லீலாக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க பாரு கண்ணு. எனக்கு இது புரியலை. உண்மையைச் சொன்னா, பிடிக்கவும் இல்லை. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன், அப்பவும் புரியலை. ஆனா எனக்குப் புரியாததை எல்லாம் காலி பண்ணச் சொல்றதுன்னா, முதல்ல என் பையனைத்தான் சொல்லோணும்." கடிதத்தை நாலாக மடித்தார். "காரணம் எழுத வந்தா சொல்லு. அதுவரைக்கும் அவங்க இருக்கட்டும்."

பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் கை தட்டவில்லை. யாரும் யாரையும் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் ராணியைக் கண்டால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையை மேல் படிக்கட்டு வழியாக அனுப்புவதில்லை, சுற்றித்தான் போகச் சொல்கிறாள். நடராஜ் சார் அடுத்த மாதக் கூட்டத்திலும் இதை எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். எடுக்கட்டும். பேனாவோடு வரட்டும். சட்டம் இதைக் குற்றம் இல்லை என்று சொல்லி வருஷக் கணக்காகிறது. சட்டம் சொன்னதற்கும் எங்கள் படிக்கட்டுக்கும் நடுவில் இன்னும் எத்தனை படி இருக்கிறதோ.

இதை நான் பத்திரிகைக்கு எழுதுகிற பத்தியில் எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். பேக்கரியில் முதலாளி எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று ராணி தயங்கினாள். கவிதாதான் சொன்னாள்: "எங்க பேரை மட்டும் மாத்திருங்க்கா. மத்ததை மாத்தாதீங்க. முக்கியமா, பாவம்னு எழுதிராதீங்க."

எழுதவில்லை அம்மா. என்னை நானே திட்டிக்கொள்ள மட்டும்தான் அந்த வார்த்தையை உபயோகித்திருக்கிறேன்.

கூட்டம் நடந்த மறுநாள், திங்கள்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிஷம். போன் அடித்தது. கரடி குரூப். தூக்கக் கலக்கத்தில் எடுத்துப் பார்த்தேன். கவிதாதான் போட்டிருந்தாள்.

"என்ன: கவிதா, ராணி. எங்கே: லீலாக்கா வீட்டு மாடி. எந்தப் பக்கம்: எந்தப் பக்கமும் போறதா இல்லை."

மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. அட்மின் என்ற முறையில், குரூப்பின் உச்சியில் அதைப் பின் செய்து வைத்திருக்கிறேன். எடுக்கச் சொல்கிறவர்கள், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும்.